பி.டி. பீரியடில் உட்கார வைக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்புப் பையன்கள் மணலில் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். உடம்பு பெருத்த ஒருவன் மட்டும் உடைமர நிழலில், எல்லாருடைய தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தான். “அவனுக்கு மூச்சு வாங்கும், பாவம்” என்றார்கள். இரக்கத்தில் செய்ததுதான். ஆனாலும் பள்ளிகள் செய்யும் தவறுகளில் இதைத்தான் பெரிதென்பேன். அந்த வகுப்பிலேயே அதிகம் ஆட வேண்டியவன் அவன்தானே? அவுட்டானவனை வெளியே அனுப்பும் ஆட்டங்களில் இப்படிப்பட்ட பிள்ளைதான் முதலில் வெளியே போகும். சிலம்பம் கற்றுக்கொடுங்கள். வேகமாக ஓடத் தேவையில்லை, உடம்பு முழுக்க வேலை செய்யும். ஆஸ்துமா போல ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் எழுதாதவனை “கிரவுண்டை நாலு சுற்று ஓடு” என்பதும் வேண்டாம். ஓட்டம் என்றாலே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும்.

அடுத்தது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்துப் பிள்ளைகளை அளக்கிறார்கள். 140 செ.மீ. உயரம், 43 கிலோ எடையுள்ள பத்து வயதுப் பையனுக்கு பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 22. பெரியவர் கணக்கில் அது சரியான எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வயதுவாரி அட்டவணையிலோ அது உடல் பருமன். அப்புறம், அந்த எண்ணை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் உடல்தகுதித் தேர்வில் 600 மீட்டர் ஓட்டம் உண்டு. நம் கடலோர மணலில் கால் புதைய ஓடியவனின் நேரத்தை, கெட்டித் தரையில் ஓடியவனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அந்தப் பையனின் போன பருவத்து நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஓட்டத்தைக் காலையிலேயே வையுங்கள். உச்சி வெயிலில் பருத்த பிள்ளைக்குச் சூடு சீக்கிரம் ஏறும்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. வாசலில் நின்று ஒருமுறை பாருங்கள்.

பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவது எல்லாருக்கும் தெரிந்த கதை. வாரம் இரண்டு பீரியட் முழுசாகக் கிடைத்தாலே 80 நிமிடம்தான் தேறும். வேண்டியதோ சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம், வாரத்துக்கு 420. மிச்சத்துக்கு வீடுதான் பொறுப்பு. டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்புங்கள்.