மின்கடத்தும் நூலை வீட்டிலேயே செய்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

சட்டையில் எல்.இ.டி. தைக்க மின்கடத்தும் நூல் வேண்டும், கடை விலையோ கட்டுப்படியாகவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மெல்லிய செம்புக் கம்பியையும் தையல் நூலையும் சேர்த்துப் பிடித்து டிரில்லில் முறுக்குகிறார்கள். முதல் தவறே இதுதான். இரண்டும் சமமாக முறுகினால் இழுப்பும் இரண்டின் மேலும் விழும். நூல் நெளிந்துகொடுக்கும், செம்பு கொடுக்காது. முழங்கை மடிகிற இடத்தில் சீக்கிரமே அறுந்துவிடும்.

நூலை விறைப்பாகக் கட்டிவைத்து, கம்பியை அதன்மேல் சுருளாகச் சுற்றுங்கள். இழுப்பை நூல் தாங்கும், செம்புக்கு மின்சாரம் மட்டுமே வேலை. காஞ்சிபுரம் பட்டின் அசல் சரிகையும் இப்படித்தான்: சிவப்புப் பட்டு இழைமேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் துணியிலேயே சர்க்யூட் செய்து பார்த்தவர்களும், செம்புத் தகடு சுற்றிய பட்டு நூல் ஊடையாக ஓடும் ஆர்கன்சா என்ற மெல்லிய துணியைப் பயன்படுத்தினார்கள்.

அதற்காகப் பழைய சேலையை உருவ வேண்டாம். முதலில் மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் வைத்து, கடத்துகிறதா என்று பாருங்கள். இன்று மலிவாக வரும் சரிகை பெரும்பாலும் உலோகம் பூசிய பாலியஸ்டர், மேலே லேக்கர் பூச்சு வேறு. மின்னும், கடத்தாது.

மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கும் கம்பியிலும் மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சு உண்டு. பளபளப்பைப் பார்த்து வெறும் செம்பு என்று நினைத்துத் தைத்துவிட்டால் எந்த விளக்கும் எரியாது. நுனிகளை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். லைட்டரில் கருக்கினால் நூலும் சேர்ந்து போகும். நடுவில் எனாமல் இருப்பது நல்லதுதான், வியர்வை பட்டுப் பச்சை பூக்காது.

மல்டிமீட்டர் பீப் அடித்தால் போதும் என்று நம்புவது அடுத்த தவறு. எத்தனை ஓம் என்று படியுங்கள். 0.1 மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 2.2 ஓம், சுருளாகச் சுற்றுவதால் கம்பியின் நீளம் கூடி, ஒரு மீட்டர் நூலுக்கு 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்று, வர ஒன்று, ஆக 6 ஓம். 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒற்றை எல்.இ.டி.க்கு இழப்பு வெறும் 0.06 வோல்ட். நிறம் மாற்றும் எல்.இ.டி.யான நியோபிக்ஸல் ஐந்தை முழு வெள்ளையில் எரித்தால் சுமார் 300 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டில் 1.8 வழியிலேயே போய்விடும். கம்பியை இரண்டு மூன்று புரியாகச் சுற்றுங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறையுங்கள். கிராஃபைட் பெயின்டில் நூலை நனைக்கும் வித்தை இங்கே உதவாது. மடித்தால் உதிரும், மின்தடையும் மிக அதிகம்.

தையல் மெஷினில் இந்த நூலை ஊசியில் கோக்காதீர்கள், பாபினில் சுற்றுங்கள். முடிச்சுக்கு வெளியே நீளும் வால்களை ஒட்ட நறுக்கி, நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். பக்கத்துத் தையலை வால் தொட்டால் ஷார்ட். லித்தியம் பாலிமர் பேட்டரி வைத்திருந்தால் அது தீயில் போய் முடியலாம். துணி துவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.