டெபியனில் பைதான் லைப்ரரியும் அதன் கமாண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லி என்று ஒரு பைதான் லைப்ரரி, கூடவே அதே பெயரில் ஒரு கமாண்ட் என்று வைத்துக்கொள்வோம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு இதைப் பேக்கேஜ் (நிறுவத்தக்க தொகுப்பு) செய்யும்போது கமாண்டைக் காரணமில்லாமல் தனியாகப் பிரிக்காதீர்கள். எடுத்துக்காட்டாக, நிரல்வரிகளுக்கு வண்ணமிடும் பிக்மென்டைஸ் கமாண்ட், அதன் லைப்ரரி இருக்கும் பைதான்3-பிக்மென்ட்ஸ் பேக்கேஜுக்குள்ளேயேதான் இருக்கிறது. பயனர்கள் கமாண்டைத் தேடியே வருகிறார்கள் என்றால் மட்டும் லைப்ரரிக்குப் பைதான்3-மல்லி, கமாண்டுக்கு மல்லி என இரண்டாக்கலாம்.

பிரித்தால் பெரும்பாலும் சறுக்குவது டிபெண்டன்சியில்தான், அதாவது ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களைக் குறிப்பிடுவதில். கமாண்டுகள் இருக்கும் யூஎஸ்ஆர்/பின் கோப்புறைக்குப் போகும் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள், சில வரிகள்தான். முதல் வரி பைதான்3-ஐ அழைக்கிறது. பிறகு மல்லி மாட்யூலை இம்போர்ட் செய்து, மெயின் ஃபங்ஷனை ஓட்டுகிறது. டிபெண்டன்சிகளைத் தானாகக் கணிக்கும் டிஹெச்_பைதான்3 என்ற கருவி அந்த முதல் வரியைப் பார்த்து, பைதான்3 போதும் என்று எழுதிவிடும். இம்போர்ட் வரியை அது படிப்பதில்லை. தேவைகளைச் சொல்லும் மெட்டாடேட்டாவோ லைப்ரரியோடு பைதான்3-மல்லிக்குள் போய்விட்டது. ஆகவே பேக்கேஜ்களை விவரிக்கும் கண்ட்ரோல் கோப்பில், மல்லியின் டிபெண்ட்ஸ் வரியில், பைதான்3-மல்லியை அதே வெர்ஷன் வேண்டும் என்ற நிபந்தனையோடு நாமே சேர்க்க வேண்டும். விட்டுவிட்டாலும் பேக்கேஜ் செய்தவர் கணினியில் கமாண்ட் ஓடும், லைப்ரரிதான் அங்கே ஏற்கனவே இருக்கிறதே! புதிதாக நிறுவுகிறவருக்குத்தான் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' வரும். சுத்தமான ச்ரூட்டில் (கணினிக்குள் தனியாக அமைத்த வெறும் டெபியன் சூழலில்) மல்லியை மட்டும் நிறுவி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

பேக்கேஜைக் கட்டும் விதத்தைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் பைபில்ட்_நேம் என்ற மாறியைக் கொடுத்திருந்தால் எல்லாமே நேராக டெபியன்/பைதான்3-மல்லிக்குள் போய்விடும், டெபியன்/டிஎம்பி என்ற இடைக்காலக் கோப்புறைக்கு எதுவும் வராது. மல்லி பேக்கேஜில் எவை சேர வேண்டும் என்று சொல்லும் மல்லி.இன்ஸ்டால் கோப்பில் யூஎஸ்ஆர்/பின் என்று எழுதியிருந்தாலும், எடுக்க ஒன்றுமில்லாமல், அதைப் படித்துக் கோப்புகளைச் சேர்க்கும் டிஹெச்_இன்ஸ்டால் பிழையோடு நின்றுவிடும். அந்த மாறியை நீக்கிவிட்டு, இரண்டு பேக்கேஜுக்கும் இன்ஸ்டால் கோப்பு எழுதுங்கள்.

ஏற்கனவே வெளியான பேக்கேஜிலிருந்து கமாண்டை 1.2-3 வெர்ஷனில் பிரிக்கிறீர்களா? மல்லியில் பிரேக்ஸ் (பழைய பேக்கேஜோடு சேர்ந்து இருக்க முடியாது), ரீப்ளேசஸ் (அதன் கோப்பை மேலெழுதலாம்) இரண்டு வரிகளும் வேண்டும். இரண்டிலும் பைதான்3-மல்லி (<< 1.2-3~) என்று, அதாவது அதற்கு முந்தைய வெர்ஷன்கள் என்று, இருக்கட்டும். அந்தக் கடைசி '~' பேக்போர்ட் (பழைய டெபியன் வெளியீட்டுக்காக மறுபடி கட்டிய) வெர்ஷன்களுக்காக. இந்த வரிகள் இல்லையென்றால், மேம்படுத்தும்போது இன்னொரு பேக்கேஜின் கோப்பை மேலெழுத முடியாது என்று, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றுவிடும். பயனரின் கணினியை இப்படி நடுவழியில் விடுவது நியாயமில்லை.

கமாண்டின் பெயரில் .பை என்ற வால் வேண்டாம், மேன் பக்கம் (கமாண்டின் கையேடு) வேண்டும். இரண்டையும், பேக்கேஜில் தவறு தேடும் லின்டியன் என்ற கருவி சொல்லிக்காட்டும். சோதனை நிரல்கள் உள்ள டெஸ்ட்ஸ் கோப்புறை, பைதான் லைப்ரரிகள் எல்லாம் நிறுவப்படும் டிஸ்ட்-பேக்கேஜஸுக்குள் நேரடியாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதே தவறைச் செய்த வேறொரு லைப்ரரியும் அந்தக் கணினியில் இருந்தால், ஒரே பெயருள்ள கோப்புகள் மோதி, இரண்டில் ஒன்றைத்தான் நிறுவ முடியும்.