ஏரிக்கரையில் வலசைப் பறவை பார்ப்பது எப்படி: டிசம்பரில் போய் ஏமாந்தவன் எழுதுவது

மழைக்காலம் முடிந்தால் ஏரிக்கு வலசைப் பறவைகள் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு டிசம்பர் ஞாயிறு விடிவதற்குள் சென்னை பெரும்பாக்கம் ஏரிக்கரையில் போய் நின்றேன். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நாமக்கோழிகள், சில நீர்க்காகங்கள், நடுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழும் இரண்டு முக்குளிப்பான்கள். அவ்வளவுதான். ஜனவரி கடைசியில் அதே இடத்துக்குப் போனால், கரையோரச் சேறு முழுக்கக் காலும் மூக்கும்! பறவை மாறவில்லை, தண்ணீர்தான் இறங்கியிருந்தது.

1. தேதியைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை ஏரிகளை நிரப்புகிறது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளுக்கு நீந்திக்கொண்டே இரை தேடும் வழக்கம் கிடையாது. விரல்கடை ஆழத் தண்ணீரும் ஈரச் சேறும் இருந்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஏரி ததும்பும்போது அவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வாத்துகளைத் தேடலாம்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, அகப்பை மாதிரி மூக்குள்ள தட்டைவாயன். சென்னையைச் சுற்றிக் கரைப்பறவை பார்க்கப் பொங்கலில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை போவது நல்லது.

வேடந்தாங்கலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தான். சைபீரியாவிலிருந்து வந்தவை என்று சொல்லிக் குழந்தைகளை ஏமாற்றாதீர்கள்.

2. பைனாகுலர்

8x42 வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் 10x50தான் பவர் என்று தள்ளிவிடப் பார்ப்பார். கனமும் அதிகம், கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். ஜூம் வைத்த பைனாகுலர் பக்கமே போகாதீர்கள்.

இப்போது நான் இரண்டு மாதம் தடுமாறிய இடம். புது பைனாகுலரில் பார்த்தால் எதுவும் சுத்தமாகத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் நெற்றிப் பொட்டு வலிக்கும். பழுதான சரக்கு என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்கப் பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஏரிக்கரையில் காலை நடை வந்த பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, வலது கண் பக்கம் இருக்கிற வளையத்தைத் திருப்பவே இல்லையா?” என்று கேட்டார். அப்படி ஒரு வளையம் இருப்பதே எனக்குத் தெரியாது.

நம் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் அந்த வளையம், டையாப்டர் என்பார்கள். செய்ய வேண்டியது இது. ஐம்பது அடி தள்ளி ஏதாவது எழுத்துப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்க லென்ஸைக் கையால் மூடிவிட்டு, இடது கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடப்பக்க லென்ஸை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். முடிந்தது. இனி அந்த வளையத்தில் கை வைக்க வேண்டாம். பறவை கிட்டே வந்தாலும் தூரப் போனாலும் நடுச்சக்கரம் மட்டும் போதும். எனக்கு வளையம் கூட்டல் குறிப் பக்கம் இரண்டு கோடு தள்ளி நின்றது. அந்த இரண்டு கோட்டுக்குத்தான் இரண்டு மாதத் தலைவலி.

பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவருவதும் ஒரு பழக்கம்தான். பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்குங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்தது.

3. வெயில் முதுகில் படட்டும்

காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் காக்கை நிறம்தான். பள்ளிக்கரணையில் ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. லாரி போகும் வேகத்துக்கு எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சதுப்புநிலப் பூங்கா நடைபாதையே போதும்.

4. பழுப்புக் குருவிகளைப் பிரிப்பது

எல்லாம் பழுப்பு, எல்லாவற்றுக்கும் நீள மூக்கு. முதலில் நெடுங்கால் உள்ளானைக் கண்டுபிடியுங்கள். கருப்பு வெள்ளை உடம்பு, ரோஜா நிறத்தில் குச்சிக் கால். அதை அடையாளம் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை. அதுதான் உங்கள் அளவுகோல்: மற்றது அதைவிடச் சிறியதா, எவ்வளவு சிறியது? அடுத்து, நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. தையல் மிஷின் ஊசி போலச் சேற்றில் குத்திக்கொண்டே போகும் குட்டிப் பறவைக்குக் கருப்புக் கால் என்றால், பெரும்பாலும் லிட்டில் ஸ்டின்ட். கரைக்கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டினால் காமன் சேண்ட்பைப்பர். நெஞ்சோரத்து வெள்ளை, இறக்கைக்கு முன்னால் தோள்வரை ஏறியிருக்கும். முதுகில் பொரிப்பொரியாகப் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, மஞ்சள் கலந்த பச்சைக் கால் என்றால் உட் சேண்ட்பைப்பர். பறக்கும்போது அடி இறக்கை கருகருவென்று இருந்தால் அது கிரீன் சேண்ட்பைப்பர்.

முதல் நாள் இவ்வளவு போதும். மற்றதை “ஏதோ உள்ளான்” என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

கடற்கரைக்கு ஆட்கள் நடமாட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். முட்டுக்காடு, அடையாறு முகத்துவாரம் மாதிரி இடங்களில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். பூங்காவில் காதுதான் வேலை செய்யும். வேலிப் புதருக்குள்ளிருந்து ‘சக், சக்’ என்று விட்டுவிட்டுக் கேட்டால் பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம்.

5. எழுதி வையுங்கள்

பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் இபேர்ட் (eBird) செயலியில் நான் போடுகிறேன். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் (Merlin) செயலியைப் பெயர் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள். பயப்படாமல் கலந்துகொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் சிலர், சுற்றிக் கருப்பு வட்டம்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். பைனாகுலரில் கண்ணருகே உள்ள ரப்பர் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். கண்ணாடி இல்லாதவர்கள் மேலே ஏற்றி வைக்க வேண்டும்.

இன்னொன்று: டையாப்டர் வளையம் பைக்குள் உரசித் தானாக நகர்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான். சரியான இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். தங்கையிடம் கேட்டு வாங்கியது, ஊதா நிறம். ஏரிக்கரையில் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.