வாளையாறு தாண்டிக் குடியேறுகிறீர்களா? பாலக்காட்டில் குழந்தைக்குத் தனியார் பள்ளி தேர்ந்தெடுக்கும் முறை

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களிலிருந்து வேலை மாற்றலாகிப் பாலக்காட்டுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் வரும் குடும்பங்கள் வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் மாநில எல்லையான வாளையாற்றைக் கடந்ததும் பாடத்திட்டம், மொழிப்பாடம், வகுப்புப் பிரிவு, சான்றிதழ் நடைமுறை என எல்லாமே மாறிவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய மகளோடு நான் பொள்ளாச்சியிலிருந்து வந்தபோது, முதலில் கட்டடத்தையும் கட்டணத்தையும் பார்த்தேன். மொழியைப் பற்றிக் கடைசியாகத்தான் கேட்டேன். அந்த வரிசை தவறு என்பது ஜூலை மாதத்திலேயே தெரிந்துவிட்டது. புதிதாக வருபவர்கள் எந்த வரிசையில் விசாரிக்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்தைக் கொண்டும், பின்னர் கேட்டறிந்தவற்றைக் கொண்டும் எழுதுகிறேன்.

முதல் படி: பாடத்திட்டத்தை முடிவு செய்தல்

தமிழ்நாட்டில் நமக்குப் பழகிய மெட்ரிகுலேஷன் பள்ளி என்ற வகை கேரளத்தில் இல்லை. இங்கே மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தொடக்கப் பிரிவு ஒன்று முதல் நான்கு வரை, அப்பர் பிரைமரி ஐந்து முதல் ஏழு வரை, உயர்நிலை எட்டு முதல் பத்து வரை என்று வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. நான்காம் வகுப்போடும் ஏழாம் வகுப்போடும் முடிந்துவிடும் பள்ளிகள் நிறைய உள்ளன என்பதால், விசாரிக்கும் பள்ளி எந்த வகுப்பு வரை நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் நிர்வாகம் என்றாலே கட்டணப் பள்ளிதான் என்ற எண்ணத்தோடு நம் ஊரிலிருந்து பலர் வருகிறார்கள். கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட எய்டட் பள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கல்விக் கட்டணம் கிடையாது. இவற்றில் பலவற்றில் ஆங்கில மீடியம் பிரிவும் உண்டு. ஆசிரியர்கள் நிரந்தரப் பணியில் இருப்பதால் ஆண்டு நடுவில் விலகிப் போவது குறைவு. கட்டணப் பள்ளிகளை மட்டும் பட்டியலிட்டு வைத்திருப்பவர்கள், வீட்டருகில் உள்ள எய்டட் பள்ளி ஒன்றையாவது அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை ஆண்டு இங்கே இருக்கப்போகிறீர்கள் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே யோசியுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் மாற்றல் வரும் வேலையாக இருந்து, குழந்தை ஏற்கெனவே சிபிஎஸ்இயில் படித்துக்கொண்டிருந்தால் அதிலேயே தொடர்வது நல்லது. நிலையாகத் தங்குபவர்களுக்கு மாநிலப் பாடத்திட்டம் எந்த வகையிலும் குறைந்ததன்று. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: மாநில வாரியத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்த மாணவரைச் சிபிஎஸ்இ பள்ளி பொதுவாக நேரடியாகப் பத்தாம் வகுப்பில் சேர்ப்பதில்லை; பெற்றோரின் மாற்றல், குடும்பம் இடம்பெயர்தல் போன்ற காரணங்களுக்கு மட்டும், வாரியத்தின் அனுமதியோடு சேர்க்கலாம். ஆகவே வாரியம் மாற்றுவதாக இருந்தால் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: மொழிப்பாடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டல்

எல்லை தாண்டி வரும் குழந்தைக்கு இதைவிட முக்கியமான படி வேறில்லை. 2017இல் கேரளம் கொண்டுவந்த சட்டப்படி, ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ உட்பட, மலையாளம் கற்பிக்கப்பட வேண்டும். அதோடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு எஸ்எஸ்எல்சியிலும் இந்தித் தேர்வு உண்டு. சிபிஎஸ்இ பள்ளிகளிலோ பெரும்பாலும் தொடக்க வகுப்புகளிலேயே இந்தி வந்துவிடுகிறது. தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த ஒரு குழந்தை ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தால், ஒரே ஆண்டில் இரண்டு புதிய மொழிகளை, இரண்டு புதிய எழுத்துகளோடு, ஏற்கெனவே அவற்றைப் படித்துக்கொண்டிருக்கும் வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. சேர்க்கையின்போது, மொழி ஒரு பிரச்சினையாக இருக்காது, குழந்தைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று அந்தப் பள்ளியில் சொன்னார்கள். நானும் நம்பினேன். கணக்கில் முதல் வரிசையில் இருந்த பெண், கேட்டெழுத்து நாளன்று வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். மலையாளப் பேச்சு அவளுக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது. எழுத்து பிடிபட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இதற்குக் காரணம் உண்டு. தமிழில் ஒரே ககரம் செய்யும் வேலையை மலையாளத்தில் நான்கு எழுத்துகள் பகிர்ந்துகொள்கின்றன. சகரம், தகரம், பகரம் ஆகியவற்றுக்கும் அப்படியே. காதுக்குப் புரிந்த சொல்லை எந்த எழுத்தில் எழுதுவது என்பதில்தான் தமிழ்க் குழந்தை தடுமாறுகிறது. மறுபக்கம், மலையாள வினைச்சொற்களில் தமிழில் உள்ளதுபோல் இடம், பால் காட்டும் விகுதி இல்லை. நான், அவள், அவர்கள் யாராக இருந்தாலும் 'வந்நு' என்றே வரும். ஆகவே இலக்கணம் அச்சுறுத்துவதில்லை, எழுத்துப் பயிற்சிதான் காலம் கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி ஒருவர் மாலைதோறும் அரை மணி நேரம் எழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்ததுதான் எங்களைக் கரை சேர்த்தது.

எனவே பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். என் குழந்தை சேரும் வகுப்பில் முதல் மொழி எது, இரண்டாம் மொழி எது, மூன்றாம் மொழி எது? மலையாளமும் இந்தியும் தெரியாமல் சென்ற ஆண்டு இதே வகுப்பில் சேர்ந்த குழந்தை யாரேனும் உண்டா, அந்தக் குழந்தைக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? அடிப்படை எழுத்துப் பயிற்சிக்குத் தனி வேளை உண்டா? முதலாண்டில் அந்த மொழிகளின் மதிப்பெண் தேர்ச்சியைப் பாதிக்குமா? வெளிமாநிலத்திலிருந்து வரும் மாணவருக்கு விதிவிலக்கு எதுவும் கிடைக்குமா, கிடைக்குமானால் எழுதித் தருவீர்களா? இவற்றுக்குப் பெயர் சொல்லி, வகுப்புச் சொல்லிப் பதில் தரும் பள்ளியை நம்பலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லும் பள்ளியில், சரியாக்கும் பொறுப்பு பெற்றோரின் தலையில்தான் விழும்.

குழந்தையின் தமிழ் என்னவாகும் என்பதையும் இதே கட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். சித்தூர் வட்டத்திலும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்வதால், அங்கே தமிழ் மீடியம் பிரிவு உள்ள பள்ளிகள் உண்டு. கேரள அரசே தமிழில் பாடநூல்களை அச்சிடுகிறது, எஸ்எஸ்எல்சியையும் தமிழில் எழுதலாம். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் இருப்பது அரிது. தமிழ் இல்லாத பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், வாரம் இரண்டு நாளாவது வீட்டில் தமிழ் வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியிருப்பதால், திரும்பிச் செல்ல நேர்ந்தால் விடுபட்ட ஆண்டுகள் அங்கே பெரிய சுமையாகிவிடும்.

உங்கள் கையில் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், நான்காம் வகுப்பு முடிந்து ஐந்தில் சேரும்படி குடிமாறுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தியை அந்த வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் புதிதாகத் தொடங்குவார்கள்.

மூன்றாம் படி: அங்கீகாரத்தைச் சரிபார்த்தல்

பெயர்ப்பலகையில் சிபிஎஸ்இ பாடத்திட்டம் என்று எழுதியிருப்பது இணைப்புப் பெற்றதற்குச் சான்றாகாது. இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கிச் சிபிஎஸ்இயின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கேரளப் பள்ளிகளின் இணைப்பு எண் 93 என்று தொடங்கும். எண் சரியாக இருந்தால், இணைப்பு பத்தாம் வகுப்பு வரைக்கா, பன்னிரண்டு வரைக்கா, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் அங்கேயே காணலாம். எந்தப் பாடத்திட்டமானாலும் பள்ளிக்குப் பதினொரு இலக்க யுடைஸ் (நாடு முழுவதுமுள்ள பள்ளிகளின் தகவல் பதிவு) குறியீடு இருக்க வேண்டும். கேரளத்துக்கு அது 32 என்று தொடங்கும். அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துவதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தடை செய்கிறது.

நான்காம் படி: நேரில் சென்று பார்த்தல்

சேர்க்கை விழாக்கோலத்தில் பள்ளியைப் பார்க்காதீர்கள். வகுப்பு நடக்கும் சாதாரண நாளில், மதியம் ஒன்றரை மணிக்குச் செல்லுங்கள். மார்ச் மாதத்தில் பாலக்காட்டு வெயில் கேரளத்தின் மற்ற மாவட்டங்களைவிடக் கடுமையாக இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள வகுப்பறை அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதை உள்ளே நின்று உணருங்கள். குடிநீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பெண் பிள்ளைகளின் கழிப்பறையை. இதைக் கேட்கக் கூச்சப்படும் பெற்றோர் பலர்; நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூச்சம் போய்விடும்.

உங்கள் குழந்தை சேரப்போகும் வகுப்பின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, வெறும் சரிக்குறி மட்டும் போட்டிருக்கிறாரா, பிழையின் பக்கத்தில் சரியானதை எழுதியிருக்கிறாரா என்பதைப் பார்த்தால், அரை மணி நேரப் பேச்சில் தெரியாதது தெரியும். அந்த வகுப்பு ஆசிரியர் இந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். பிறகு மாலை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, அழைத்துப் போக வந்திருக்கும் பெற்றோர் மூன்று நான்கு பேரிடம் பேசுங்கள். மலையாளம் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். பாலக்காட்டில் தமிழ் புரியாதவர்கள் மிகக் குறைவு.

ஐந்தாம் படி: கட்டணமும் வண்டியும்

முழு ஆண்டுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்: சேர்க்கைக் கட்டணம், டேர்ம் கட்டணம், பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழக) நிதி, புத்தகம், சீருடை, வண்டிக் கட்டணம், திருப்பித் தரப்படும் டெபாசிட் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. நன்கொடை வாங்கினால் அதன் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

பள்ளி வண்டியைப் பொறுத்தவரை, கிலோமீட்டரைக் கணக்கிடாமல் குழந்தை வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். காலை வண்டி வரும் வழியில் ஒரு நாள் நீங்களே பைக்கில் சென்று பார்ப்பது நல்லது. கஞ்சிக்கோட்டிலிருந்து நகரத்துக்குள் வரும் தேசிய நெடுஞ்சாலை 544இல் சரக்கு லாரிகள் இடைவிடாமல் ஓடுவதால், குழந்தை சாலையைக் கடந்து ஏற வேண்டிய நிறுத்தமாக இருந்தால் அதை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். வண்டியில் உதவியாளர், அவசர வழி, ஜிபிஎஸ் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சான்றிதழ்களை எல்லை தாண்டிக் கொண்டுவருதல்

பழைய பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும் இங்கே பெரிய தலைவலியாகும். வெளிமாநிலச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் உள்ளன. சேரப்போகும் பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், அதற்காக மட்டும் மறுபடி ஊருக்கு ஓட வேண்டியிராது.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் என்ற மாணவர் பதிவிலிருந்து குழந்தையின் பெயரைப் பழைய பள்ளி விடுவித்தால்தான் புதிய பள்ளி யுடைஸ் பதிவில் அதை ஏற்றுக்கொள்ள முடியும். நாடு முழுவதற்கும் பொதுவான பென் என்ற நிரந்தரக் கல்வி எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். கேரள மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் சம்பூர்ணா என்ற மென்பொருளில் மாணவர் விவரத்தைப் பதிகின்றன. பதிந்தபின் ஓர் அச்சுப்படி கேட்டு எழுத்துப் பிழைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்று கேட்கப்படலாம் என்பதால், அதையும் சாதிச் சான்றையும் ஊரை விட்டு வருமுன் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏழாம் படி: ஓணத் தேர்வு வரை கவனித்தல்

பள்ளி ஜூன் மாதம் மழையோடு திறக்கும். முதல் பருவத் தேர்வு ஓணத்தை ஒட்டி வரும். அதற்கு முன் ஒருமுறை வகுப்பு ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, மலையாளக் கேட்டெழுத்தில் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அப்போது பேச வேண்டாம். தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வந்ததும் மலையாளத் தாளையும் இந்தித் தாளையும் முதலில் எடுத்துப் பாருங்கள். எழுதாமல் விட்ட இடம் அதிகமா, பிழையாக எழுதிய இடம் அதிகமா என்று எண்ணுங்கள். பிழையாக எழுதியிருந்தால் குழந்தை முயல்கிறது என்று பொருள், பயிற்சி போதும். வெற்றிடமாக விட்டிருந்தால், ஓண விடுமுறையின் பத்து நாளும் அந்த எழுத்துகளுக்காகவே ஒதுக்கி, பள்ளி திறந்த அன்றே சேர்க்கையின்போது அவர்கள் எழுதிக் கொடுத்த ஏற்பாட்டுத் தாளோடு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.