ஒடிசாவிலிருந்து தண்டையார்பேட்டைக்கு: தத்தெடுத்த குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வருவது எப்படி

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர் எனக்குத் தெரிந்தவர்கள். யாரிடம் பேசினாலும் பேச்சு காகிதத்தைச் சுற்றியே போகிறது. எந்தச் சான்றிதழ் வேண்டும், எப்போது கூப்பிடுவார்கள், எவ்வளவு செலவாகும். குழந்தை வாசப்படி தாண்டி உள்ளே வந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், எதிர்வீட்டில் தாளிக்கும் வாசனை நம் கூடத்துக்கு வரும் அளவுக்குக் குறுகலான தெருவில் இருக்கிறது. பெரியவன் நாங்கள் பெற்ற பிள்ளை. சின்னவள் மூன்றரை வயதில் ஒடிசாவிலிருந்து வந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, எங்களுக்கு ஒடியாவில் ஒரு வார்த்தை தெரியாது.

முதலில் காகிதம், சுருக்கமாக. பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுக்க காரா எனப்படும் மத்திய ஆணையத்தின் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டு வயது 85-க்கு மேல் போகக் கூடாது, 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8 வயதுக்கு 100. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி அறிக்கை எழுதுவார். சின்ன வீடு, வாடகை வீடு என்று கூச்சப்பட வேண்டாம், உங்கள் வீட்டில் மனிதர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் முன்பதிவு செய்ய வேண்டும். நடுவில் யாராவது வந்து, "ஆஸ்பத்திரியில ஒரு கொயந்த இருக்கு, பணம் குடுத்தா முடிச்சுடலாம்" என்பார்கள். நம் பக்கத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கக்கூடிய குற்றம். அந்த ஆளோடு இன்னொரு வார்த்தை பேசாதீர்கள்.

குழந்தை இருக்கும் இல்லத்தில் கேட்க வேண்டியவை

இல்லத்துக்குப் போனால் கண்ணீரும் படபடப்புமாக இருப்போம், கேட்க நினைத்தது எல்லாம் மறந்துவிடும். அதனால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குத் தூங்குவாள், யார் பக்கத்தில் படுப்பாள், தூக்கத்தில் விழித்தால் என்ன செய்வாள், சாப்பாட்டைத் தானே எடுத்துச் சாப்பிடுவாளா, கக்கூஸுக்கு எப்படிச் சொல்வாள், எந்த சோப்பு, எந்த எண்ணெய். கடைசி இரண்டும் அற்பமாகத் தெரியலாம். ஆனால் புது வீட்டில் பழைய வாசனை ஒன்று இருந்தால் குழந்தைக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வரும். உடுத்தியிருந்த துணி ஒன்றையாவது கேட்டு வாங்கி வாருங்கள், வந்ததும் துவைக்காதீர்கள். எங்கள் மகள் சாயம் போன ஒரு மஞ்சள் கவுனைக் கையில் சுருட்டிக்கொண்டுதான் நெடுநாள் தூங்கினாள்.

அவளைப் பார்த்துக்கொண்ட அம்மாவை அங்கே பிள்ளைகள் எல்லாம் மௌசி என்று கூப்பிட்டார்கள். அவர் குரலை போனில் பதிவு செய்து கொடுக்கச் சொன்னேன். தூங்க வைக்கும் பாட்டு, சாப்பிடக் கூப்பிடுவது, "அம்மா அப்பாவோட போய்ட்டு வா" என்று வழியனுப்புவது. கூடவே அவசரத்துக்கு வேண்டிய வார்த்தைகளைக் கேட்டு, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொண்டேன். பசித்தால் போகொ லாகுச்சி, தூக்கம் வந்தால் நிதொ லாகுச்சி, பயமாக இருந்தால் டொரொ லாகுச்சி, தண்ணீருக்குப் பாணி. அதைச் சார்ட் பேப்பரில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினோம், என் மாமியாரும் படித்துக்கொண்டார்.

மருத்துவ அறிக்கையையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வந்ததும் நம் குழந்தை மருத்துவரிடம் முதலிலிருந்து ஒரு முறை காட்டுவது நல்லது. ரத்தசோகை, பூச்சி, சொறி, பல், காது எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஒடிசாவின் சில பகுதிகளில் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் பரவலாக இருப்பதால் அந்தச் சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். சொறி இருந்தால் குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இங்கிருந்து குழந்தையைத் தத்தெடுக்கும்போது காத்திருப்பு இன்னும் நீளும். பன்னாட்டுத் தத்தெடுப்புக்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. அதன்படி இரு நாட்டு அதிகாரிகளும் சம்மதிக்க வேண்டும். காராவின் தடையில்லாச் சான்று, தத்தெடுப்பு ஆணை, பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்றாக வரும். அந்த மாதங்களை வீணாக்காதீர்கள். இல்லம் அனுமதித்தால் வாராவாரம் வீடியோவில் முகம் காட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு படம் வைத்துச் சின்ன ஆல்பம் அனுப்புங்கள்: அம்மா, அப்பா, வீட்டுக் கதவு, அவள் படுக்கப்போகும் இடம்.

பயணம்

ஆணை வருவதற்கு முன்பே, தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டில் குழந்தையை நம்மோடு அனுப்புவார்கள். அந்தக் கடிதங்களின் நகலை இரண்டு பைகளில் வையுங்கள். வேறு மொழி பேசி அழும் குழந்தையோடு பயணம் செய்பவர்களை யாரும் நிறுத்திக் கேட்கலாம், கேட்பதுதான் சரியும்கூட.

விமானத்தில் வந்தால் இரண்டு மணி நேரம், புவனேஸ்வரிலிருந்து ரயிலில் வந்தால் ஏறத்தாழ 20 மணி நேரம். நான் ரயிலைத்தான் சொல்வேன். விமானத்தில் காது அடைக்கும், பெல்ட் போட்டு உட்கார வைப்பார்கள், கண் மூடித் திறப்பதற்குள் உலகமே மாறியிருக்கும். ரயிலில் கீழ் பெர்த்தில் நம்மோடு ஒட்டிப் படுக்கலாம், எழுந்து நடக்கலாம், ஜன்னலில் பார்க்கலாம். சிலிகா ஏரி ஓரமாக வண்டி போகும்போதுதான் அவள் முதல் தடவையாக என் கையைப் பிடித்து இழுத்து எதையோ காட்டினாள். கொக்கா படகா தெரியவில்லை, நானும் பார்த்துத் தலையாட்டினேன். சென்ட்ரலில் வரவேற்க யாரும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தெருவுக்குச் சொல்ல வேண்டியது

வடசென்னைத் தெருவில் குழந்தை யாருக்கும் தனிச் சொத்து இல்லை. இடுப்பு மாறி இடுப்பு போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா சோறு ஊட்டுவாங்க, மாடி வீட்டு ஆயா தூங்க வைப்பாங்க. நானும் அப்படி வளர்ந்தவள்தான், அந்தப் பிரியத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் தத்து வந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் இது ஆகாது.

காரணம் இதுதான். இல்லத்தில் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். யார் கை நீட்டினாலும் போகிறதுதான் அங்கே வளரும் குழந்தை கற்றுக்கொண்ட பாடம். பார்க்கிறவர்கள், "கொயந்த என்னா சமத்து, யாரு கூப்ட்டாலும் வருது" என்பார்கள். அந்தச் சமத்தைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள். தனக்கு என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், பசித்தாலும் விழுந்தாலும் அவர்களிடம்தான் ஓட வேண்டும் என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது, தூங்க வைப்பது எல்லாம் அம்மா அப்பா கையால் மட்டுமே நடக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம். தாத்தா பாட்டிக்கும் இதே விதிதான், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லட்டும்.

இதைக் குழந்தை வந்த பிறகு சொன்னால் சண்டையில் முடியும். முன்பே சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஸ்வீட் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். "அக்கா, பாப்பா வர்றா. கொஞ்ச நாளைக்கு எங்க ரெண்டு பேர் கை மட்டும் இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க கையாட்டுங்க, சிரிங்க, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. தூக்குறதும் சாக்லேட் குடுக்குறதும் மட்டும் அப்புறம் வெச்சுக்கலாம்." டாக்டர் பேரைச் சொன்னால் யாரும் மனம் கோண மாட்டார்கள். எங்கள் குழந்தை மருத்துவர் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருந்தார். என் மாமியாருக்கு மட்டும் வருத்தம். "ஆரத்திகூட எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். "தாராளமா எடுங்க அத்தை, வீட்டு ஆளுங்க மட்டும் நிப்போம், கற்பூரம் மட்டும் வேண்டாம்" என்றேன். முகத்துக்கு நேராக நெருப்பைக் காட்டினால் புது இடத்தில் எந்தக் குழந்தையும் மிரளும்.

"எங்கேர்ந்து எடுத்தாந்தீங்க? இன்னா ஆளுங்களோ?" என்று கேட்கத்தான் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "எங்க பொண்ணு." அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவள் எப்படி இல்லத்துக்கு வந்தாள் என்ற கதை அவளுடையது, அதைத் தெருவில் யாருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

தூக்கம், சோறு, சத்தம்

தனிக் கட்டில், தனி அறை, பொம்மை படம் போட்ட திரை என்று சிலர் ஏற்பாடு செய்கிறார்கள். வரிசையாகப் பத்துப் பிள்ளைகளோடு படுத்த குழந்தைக்குத் தனி அறை ஒரு தண்டனை. நம் பக்கத்துச் சின்ன வீடு இதற்கு மிகவும் தோது. கூடத்தில் பாய் போட்டு, ஓரத்தில் அப்பா, அடுத்து பெரியவன், அப்புறம் அவள், அவளுக்கு இந்தப் பக்கம் நான். இரவு முழுக்கச் சின்ன விளக்கு எரியட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இல்லத்தில் வளர்ந்த குழந்தைகள் சிலர் விழித்தால் அழ மாட்டார்கள், சத்தமில்லாமல் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார்கள். அழவில்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைக்காதீர்கள். நடு இரவில் ஒரு முறை பாருங்கள், விழித்திருந்தால் முதுகில் கை வையுங்கள். பிறகு ஒரு நாள் வாய்விட்டு அழுது உங்களைக் கூப்பிடுவாள். அந்த அழுகை நல்ல சேதி.

சோற்றுக்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒடிசாவில் சாதத்தில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்துச் சாப்பிடும் பகாள என்ற உணவு உண்டு, நம் பழைய சோறேதான். இட்லியை ஒதுக்கித் தள்ளியவள் பழைய சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பருப்பு, சாதம், உருளைக்கிழங்கு என்று தெரிந்ததைக் கொடுத்துக்கொண்டே நம் காரத்துக்கு மெதுவாக வாருங்கள். சில குழந்தைகள் நிறுத்தாமல் சாப்பிடுவார்கள், தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைப்பார்கள். திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பா வையுங்கள், பொரியோ பிஸ்கட்டோ அதில் எப்போதும் இருக்கட்டும். டப்பா காலியாகாது என்று நம்பிக்கை வந்ததும் ஒளிப்பது தானாக நிற்கும்.

சத்தம்தான் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். தண்ணீர் லாரி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டி, ஆடி மாதத்து ஒலிபெருக்கி. எல்லாவற்றையும்விட சாவு ஊர்வலம். மேளமும் வெடியும் சேர்ந்து சுவரே அதிரும். தெருமுனையில் முதல் அடி கேட்டதுமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுங்கள். காதை வலுக்கட்டாயமாகப் பொத்தாதீர்கள், அவள் கையால் அவளே பொத்திக்கொள்ளட்டும். மடியில் வைத்து, அவள் மொழியில் சொல்லுங்கள்: "டொரொ நாஹி, டொரொ நாஹி" (பயமில்லை, பயமில்லை). ஊர்வலம் தாண்டிய பிறகு ஜன்னலைத் திறந்து, சாலையில் கிடக்கும் பூவைக் காட்டி, "போய்ட்டாங்க" என்று சொல்ல வேண்டும். சத்தத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள்.

அப்பாவைக் கண்டு மிரண்டால் அவர் மனம் உடைந்துவிடக் கூடாது. இல்லத்தில் பார்த்தது பெரும்பாலும் பெண்களைத்தான். தூக்க முயற்சி செய்யாமல், தரையில் உட்கார்ந்து அவர் பாட்டுக்கு ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும். என் கணவர் தினமும் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தார். அவளாகவே ஒரு நாள் வந்து கிண்ணத்தில் கை விட்டாள்.

மூத்த பிள்ளை இருந்தால் எல்லாவற்றையும் பங்கு போடச் சொல்லாதீர்கள். பெரியவனுக்குப் பூட்டுப் போட்ட ஓர் அலமாரி கொடுத்தோம், அதில் அவன் வைப்பதை யாரும் தொட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவது அவனுக்கு மட்டுமான நேரம்.

பேரை மாற்ற வேண்டாம். ஊர், மொழி, முகம், படுக்கை எல்லாம் மாறிவிட்ட பிறகு அவளிடம் மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான். வாயில் நுழையவில்லை என்றால் பழகிக்கொள்ள வேண்டியது நாம்.

பிறகு வரும் வேலைகள்

2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தருகிறார். அது வந்ததும் நம் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், ஆதாரும் ரேஷன் கார்டும் அதற்குப் பின்னால். ஆணை வரும்வரை படத்தை ஸ்டேட்டஸில் போடாமல் இருங்கள். இல்லத்தின் வாசல் படம், மௌசியின் குரல், முதல் மருத்துவ அறிக்கை, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள், குரலுக்கு ஒரு பென்டிரைவ். 18 வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேட அவளுக்கு உரிமை உண்டு. அவள் தேடும்போது முதல் பக்கம் நம் பீரோவில் இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். சோதிக்க வருகிறார்கள் என்று பயந்து, "எல்லாம் நல்லா போகுது மேடம்" என்று காபி கொடுத்து அனுப்பாதீர்கள். இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், பேச்சு வரத் தாமதமாகிறது, எனக்கே சில நேரம் அலுத்துப்போகிறது என்று இருப்பதை இருப்பது போலவே சொல்லி, ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்டு ஏற்பாடு செய்வதும் அவர்கள் வேலைதான்.