யூனிஃபார்ம் துவைக்கிற காசு: இங்கிலாந்து கிளம்பும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு

ஜிப்மரில் படித்துவிட்டும், கடலூரில் தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டும் இங்கிலாந்துக்குக் கிளம்புகிற பிள்ளைகள் புதுப்பாளையத்தில் என் வீடு தேடி வந்து விவரம் கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா என்றெல்லாம் கேட்பார்கள். வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அதைப் பிடித்துக்கொண்டுதானே அக்கா கொடுப்பார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். பிடித்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. அதை வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம்தான் நம் பிள்ளைகள் போய் மாட்டுகிறார்கள். என் தோழி ஒருத்தி அப்படி மாட்டிக்கொண்டு பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியவற்றை வேலை தருகிறவர்களே சொல்லிக்கொடுப்பார்கள், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விசா இப்போது அட்டையாக வராது, ஆன்லைன் கணக்கில் இருக்கும் இ-விசாதான். அந்தக் கணக்கின் விவரங்களை எழுதிப் பத்திரமாக வையுங்கள். வேலைக்கும் வரிக்கும் கேட்கிற நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு அரசுத் தளத்தில் விண்ணப்பிப்பது இலவசம். வேலையில் சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று ஒரு படிவம் தருவார்கள், அதை உடனே நிரப்பிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வரிவிலக்கு எதுவும் இல்லை என்று கணக்கிட்டுச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். பிறகு சரியாகும்தான், ஆனால் வாடகை முன்பணம் கட்ட வேண்டிய மாதத்தில் அது கையைக் கடிக்கும். வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. 12,570 பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேல் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் 20 சதவீதம். ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு மட்டும் விகிதம் வேறு. ஆண்டு முடிந்ததும் மே மாதத்துக்குள் பி60 என்று ஒரு தாள் கொடுப்பார்கள், நம்ம ஃபார்ம் 16 மாதிரி. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, யூனிஃபார்முக்கு வருவோம்.

வேலைக்குப் போடும் யூனிஃபார்மை நீங்களே வீட்டில் துவைத்தால் அந்தச் செலவுக்கு வரிச்சலுகை உண்டு. சோப்புக்கும் கரண்டுக்கும் பில் சேர்த்து வைக்க வேண்டாம். எந்த வேலைக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று வரித்துறையே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., தனியார் ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் எதுவானாலும் நர்ஸ், மிட்வைஃப், ஹெல்த்கேர் அசிஸ்டென்ட், பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராபர் எல்லோருக்கும் 125 பவுண்டு. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு 185, லேப், ஃபார்மசி ஊழியர்களுக்கு 80. பட்டியலில் பெயர் வராத வேலைகளுக்கு 60. குறிப்பிட்ட நிறத்திலோ மாதிரியிலோ ஷூ போட வேண்டும் என்று நர்ஸ்களுக்கு விதி இருந்தால் கூடுதலாக 12 பவுண்டு, சாக்ஸுக்கும் ஸ்டாக்கிங்ஸுக்கும் 6.

இந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. இவ்வளவுக்கு வரி போட மாட்டோம் என்பதுதான் சலுகை. அப்படியென்றால் 125க்கு 20 சதவீதம், ஆண்டுக்கு 25 பவுண்டு. நடப்பு ஆண்டோடு முந்தைய 4 ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்பதால், விவரம் தெரியாமல் விட்டவர்களுக்கும் நூறு பவுண்டுக்கு மேல் வரும். நர்ஸ்களுக்கு இன்னொன்று: நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. அமைப்புக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்துக்கும், நர்ஸ்கள் யூனியனான ஆர்.சி.என். சந்தாவுக்கும் இதே போல வரிச்சலுகை உண்டு. பல வருடம் வேலை செய்த நர்ஸ்களே இதைக் கேட்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்குக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி துவைத்துக் கொடுத்தாலோ, துவைக்கக் காசு கொடுத்தாலோ கேட்க முடியாது. அங்கேயே இலவசமாகத் துவைக்க வசதி இருந்தும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்தாலும் கிடையாது. ஹோட்டலில் வேலை செய்யும் மாணவர்கள் கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதை யூனிஃபார்ம் என்பார்கள். வரித்துறைக்கு அது சாதாரண உடைதான். கழற்றி மாட்டுகிற பேட்ஜ் குத்தியிருந்தாலும் கணக்கில் வராது, கடை பெயர் சட்டையிலேயே தைத்திருந்தால் வரும். ஆண்டு வருமானம் 12,570க்குக் கீழே இருந்து வரியே கட்டாதவருக்குத் திரும்பி வர எதுவும் இல்லை.

கேட்பது எப்படி? அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் வரிக்கணக்கு திறந்து, வேலைச் செலவுக்கான சலுகை என்ற பக்கத்துக்குப் போய் வேலையின் பெயரையும் ஆண்டுகளையும் குறித்தால் போதும். தபாலில் அனுப்புகிறவர்களுக்கு பி87 என்ற படிவம். இரண்டுக்கும் ஒரு பென்னி கட்டணம் கிடையாது. நைட் ஷிஃப்டில் டீ குடிக்கிற நேரத்தில் முடிக்கிற வேலை.

இவ்வளவு சுலபமான வேலைக்கு ஏன் ஏஜென்ட் என்று கேட்பீர்கள். நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் காரணம் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம்தான் முதலில் போவோம், ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் நேராகக் கவுண்டருக்குப் போக மாட்டோம். நாமே போனால் நாளைக்கு வா என்று அலைக்கழிப்பார்கள் என்ற பயம் ரத்தத்தில் ஊறிவிட்டது. இருநூறு முந்நூறு கொடுத்தால் தெரிந்தவர் முடித்துத் தருவார், தலைவலி விட்டது. இந்தப் பழக்கத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

என் தோழி நெல்லிக்குப்பத்துக்காரி. வடக்கு இங்கிலாந்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை. நம்மவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: யூனிஃபார்ம் ரீஃபண்ட், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பணம் வந்தால்தான் கமிஷன். போட்டவரும் தமிழர். ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு ஒரு தொகை உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த லிங்கில் போய்ப் பெயர், நேஷனல் இன்சூரன்ஸ் எண், வேலை செய்யும் இடம் எல்லாம் கொடுத்தாள். கடைசியில் போன் திரையில் ஒரு கட்டம், அதில் விரலால் கையெழுத்து. அந்தக் கட்டத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஓடிய பத்திகளை நான் பிறகு பெரிதாக்கிப் படித்துப் பார்த்தேன். வருகிற பணம் முதலில் கம்பெனிக்குப் போகும், ஏறக்குறைய பாதியை அவர்கள் எடுப்பார்கள், அதன் மேல் வாட் வரியும் உண்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

அதோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்போம். அவளுக்கு நியாயமாக வரவேண்டியது நூற்றுச் சொச்சம் பவுண்டு. கம்பெனி கேட்டு வாங்கியதோ ஆயிரத்துக்கு மேல். எப்படி? சொந்தக் காரில் நோயாளிகள் வீடு வீடாகப் போனாள், வெளியில் சாப்பிட்டாள் என்று கணக்கு எழுதிவிட்டார்கள். அவளுக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. தினமும் பஸ்ஸில்தான் போய் வந்தாள். கமிஷன் போகக் கைக்கு வந்த பணத்தைப் பார்த்து, இவ்வளவு வரி கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள் போல என்று நினைத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருடம் வரித்துறையிலிருந்து கடிதம். எந்தத் தேதியில் எத்தனை மைல் ஓட்டினீர்கள், ரசீது எங்கே என்று கேட்டிருந்தார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டால் பதில் இல்லை, போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் முழுத் தொகையையும் வட்டியோடு கட்டச் சொன்னார்கள். கம்பெனி எடுத்துக்கொண்ட பாதியையும் இவள்தான் கட்ட வேண்டும், ஏனென்றால் சட்டப்படி கணக்குக்குப் பொறுப்பு அவள். மாதத் தவணை பேசிக் கட்டினாள். தங்கை வளைகாப்புக்கு ஊருக்கு வர வைத்திருந்த டிக்கெட் பணம் அதில் கரைந்தது. வீடியோ காலில் தங்கை கைக்கு வளையல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பக்கத்தில் இருந்த எனக்கு இன்றைக்கும் அந்தக் கம்பெனி மேல் ஆத்திரம் ஆறவில்லை. நம்ம ஊர் ஆள் என்று நம்ப வைத்துச் சேர்த்துவிட்டாரே, அவர் மேல் அதைவிட அதிகம். ஊரில் ஏஜென்ட் காசு வாங்கினாலும், பிரச்சினை என்றால் மறுநாள் அதே வாசலில் அவரைப் பிடித்துக் கேட்கலாம். அங்கே அவர்களுக்கு வாசலே கிடையாது.

முன்பெல்லாம் இதைவிட மோசம். ரீஃபண்ட் வாங்கும் உரிமையையே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பிறகு நாமே நினைத்தாலும் ரத்து செய்ய முடியாது. 2023 மார்ச் 15 முதல் போடும் அந்தப் பத்திரம் செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பணத்தை என் சார்பில் இன்னார் வாங்கலாம் என்று நியமிக்கிற வழி இன்னும் இருக்கிறது. யார் கணக்குக்குப் பணம் போகிறது என்ற இடத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தட்டு என்று குறுஞ்செய்தி வந்தால் அது வரித்துறை அனுப்பியது இல்லை, அழித்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே வரித்துறைக்குத் தெரிவியுங்கள். தெரியாததைக் கேட்க சிட்டிசன்ஸ் அட்வைஸ் இருக்கிறது, இலவசம். யூனியனில் சேர்ந்திருந்தால் அங்கேயும் கேளுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பழைய ஆண்டுகளின் பணம் தனியாக வரும். நடப்பு ஆண்டுக்கு உங்கள் வரிக்குறியீடு மாறும். சம்பளச் சீட்டில் 1257எல் என்று இருந்தது 125 பவுண்டு சலுகை சேர்ந்ததும் 1269எல் ஆகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கேட்க வேண்டாம், தானாகத் தொடரும். யூனிஃபார்ம் இல்லாத வேலைக்கு மாறினால் மட்டும் மறக்காமல் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம் மற்ற சிக்கனம். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஸ்வெட்டராக வாங்கிக் குவிக்காதீர்கள். அந்த ஈரக் குளிருக்கு அது பத்தாது. அங்கே தெருவுக்குத் தெரு தர்மக் கடைகள் உண்டு, நல்ல கோட் மலிவாகக் கிடைக்கும், பழைய துணி போடுவதில் அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. பெட்டியில் இடம் இருந்தால் பருத்தி உள்ளாடைகளும், பண்ருட்டி முந்திரியும், வீட்டில் அரைத்த குழம்புத் தூளும் வையுங்கள். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் கொண்டுபோக அனுமதி இல்லை, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். அரிசியும் புளியும் இலங்கைத் தமிழர் கடைகளில் எல்லாம் கிடைக்கும். மீன்தான் மனதுக்கு ஒப்பாது. பெட்டியில் உறைந்து வரும் வஞ்சிரத்தை எப்படிக் குழம்பு வைத்தாலும் துறைமுகத்து மீன் ருசி வராது. அந்த ஏக்கத்துக்கு வழி எதுவும் என்னிடம் இல்லை.

சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலத்துக்கு மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள், காய்கறியும் ரொட்டியும் அப்போது வாங்குங்கள். புளூ லைட் கார்டு சுகாதார, பராமரிப்பு ஊழியர்களுக்கு உண்டு, பல கடைகளில் தள்ளுபடி கிடைக்கும். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, மாதாமாதம் மருந்து எடுப்பவர் முன்கட்டணச் சான்றிதழ் வாங்கினால் மிச்சம். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் மருந்து இலவசம். வீட்டு அட்வான்ஸ் இங்கிலாந்தில் பெரும்பாலும் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தனியாக வசித்தால் கவுன்சில் வரியில், அதாவது குடியிருக்கும் வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் வரியில், 25 சதவீதம் குறையும், அதைத் தாராளமாகக் கேட்கலாம். வருமானம் குறைவு என்று சொல்லிக் கேட்கிற கவுன்சில் வரிக் குறைப்பு வேறு. அது அரசு உதவித்தொகையில் சேரும், நம் விசாவில் அதைத் தொடவே கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பித்தால் விசாவுக்கே ஆபத்து.

கணவனோ மனைவியோ கூட வந்து வேலை இல்லாமலோ, 12,570க்குக் குறைவாகச் சம்பாதித்தோ இருந்தால், அவர் தன் வரிவிலக்கில் 1,260 பவுண்டை 20 சதவீதம் வரி கட்டும் துணைக்கு மாற்றித் தரலாம். ஆண்டுக்கு 252 பவுண்டு வரை மிச்சம். இதுவும் அரசுத் தளத்தில் இலவசம், இதற்கும் 4 ஆண்டு பின்னோக்கிக் கேட்கலாம். யூனிஃபார்ம் சலுகையைவிடப் பெரிய தொகை.

இங்கே ஊரில் இருக்கிற சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி பேங்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தைப் பார்க்காமல், ஆயிரம் பவுண்டு போட்டால் அம்மா கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து ஊருக்கே திரும்புகிறவர்கள், நாட்டை விட்டுக் கிளம்புவதை வரித்துறைக்குச் சொல்கிற பி85 படிவம் போட மறக்காதீர்கள். வரியாண்டு நடுவில் கிளம்பினால் அந்த வருடத்து வரிவிலக்கு பெரும்பாலும் முழுதாகத் தீர்ந்திருக்காது, பிடித்த வரியில் ஒரு பங்கு திரும்ப வரும். அதற்கு, வேலையை விடும்போது முதலாளி தரும் பி45 தாளின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் வேண்டும். கடைசிச் சம்பளம் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.