கடையின் சொந்தப் பொட்டலமா, பெயர்பெற்ற கம்பெனிப் பொட்டலமா? மலைவாழ் குடும்பங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள பல்பொருள் அங்காடிகளில், பெயர்பெற்ற கம்பெனிகளின் டீத்தூள், சோப்பு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே அந்தக் கடையின் சொந்தப் பெயர் தாங்கிய பொட்டலங்களும் குறைந்த விலைக்கு அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். இந்த வழக்கம் நம் மலைக்குப் புதிதும் அன்று. 1905இல் நீலகிரியில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிப் பின்னர் பெங்களூரில் பெரிதாக வளர்ந்த நீல்கிரிஸ் கடை, தன் பெயரிலேயே விற்ற பால்பொருள்களாலும் ரொட்டியாலும்தான் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றது. எனவே கடைப் பெயர் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும், எல்லாம் ஒரே சரக்குதான் என்று கண்ணை மூடி வாங்குவதும் சரியல்ல. விடை பொருளுக்குப் பொருள் மாறும். அதை ஒவ்வொரு குடும்பமும் தன் சமையலறையிலேயே கண்டறிய முடியும்.

முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முன்பக்கம் விளம்பரத்துக்கானது; பின்பக்கம் சட்டத்துக்கானது. ‘தயாரிப்பவர்’, ‘பொட்டலமிடுபவர்’, ‘சந்தைப்படுத்துபவர்’ என்ற சொற்களுக்கு எதிரே யார் பெயர், எந்த ஊர் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். உணவுப் பொருளாக இருந்தால், நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண் 14 இலக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கும். அது 1இல் தொடங்கினால் முழு உரிமம், 2இல் தொடங்கினால் சிறு உற்பத்தியாளருக்கான பதிவு என்று பொருள். சில பொட்டலங்களில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றில் தயாரித்தவருக்குரிய எண்ணையே ஒப்பிட வேண்டும். விலை கூடிய பொட்டலத்திலும் கடைப் பொட்டலத்திலும் அந்த எண் ஒன்றாகவே இருந்தால், இரண்டும் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. ஆனால் ஒரே ஆலை என்பதால் கலவையும் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு மூலப்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் எடை அதிகமுள்ள பொருளில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஒரு தக்காளி சாஸ் பாட்டிலில் தக்காளிக் கூழ் முதலில் நின்று, மற்றொன்றில் தண்ணீரும் சர்க்கரையும் அதற்கு முன்னால் நின்றால், விலை வித்தியாசத்துக்கான காரணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்ததாக அளவு. பொட்டலத்தின் விலையை விட்டுவிட்டு, கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ எவ்வளவு என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். இப்போது பெரும்பாலான பொட்டலங்களில் இந்த அலகு விலையும் அச்சிடப்படுகிறது. சமையல் எண்ணெயில் கூடுதல் கவனம் தேவை. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். பார்வைக்கு ஒரு லிட்டர் போலத் தோன்றும் பையில் 850 கிராம் மட்டுமே இருக்கலாம். அப்படி இருந்தால் மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

சர்க்கரை, ரவை, வெல்லம் போன்றவற்றில் கம்பெனிப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதே என் முடிவு. சர்க்கரை ஆலையில் பருமனையும் வெண்மையையும் வைத்துத் தரம் பிரிக்கப்பட்டு மூட்டையாகத்தான் வெளியே வருகிறது. அதைச் சிறு பொட்டலமாக்குபவரின் பெயர் இனிப்பைக் கூட்டுவதில்லை. உப்பில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. இடைவிடாத மழை கழுவிச் செல்லும் மலைமண்ணில் அயோடின் இயல்பாகவே குறைவு என்பதால், அயோடின் சேர்த்த உப்பா என்பதை அவசியம் உறுதிசெய்ய வேண்டும். விற்பனை நிலையில் அதில் குறைந்தது 15 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 15 பங்கு) அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த நிபந்தனையை நிறைவேற்றும் மிக மலிவான உப்பே போதுமானது. ஈரம் பட்டால் அயோடின் குறையும். ஆகவே பையைப் பிரித்தவுடன் மூடியுள்ள ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.

டீத்தூளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கண்ணெதிரே விளையும் பொருளையே நாம் அதிகம் தவறாக மதிப்பிடுகிறோம். பெரிய கம்பெனிகள் குன்னூர் ஏலம் உள்ளிட்ட பல இடங்களிலிருந்து, பல தொழிற்சாலைகளின் தூளை வாங்கிக் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவை வருமாறு பார்த்துக்கொள்கின்றன. கூடுதல் விலையில் ஒரு பகுதி இந்தச் சீர்மைக்கானது. கடைப் பெயரில் வரும் தூளோ, பெரும்பாலும் ஓரிரு தொழிற்சாலைகளின் சரக்காக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் மெல்ல வளரும் துளிரில் மணம் கூடும். மழை மாதங்களில் விரைந்து வளரும் இலையில் சாறு மெலியும். எனவே ஜனவரியில் அருமையாக இருந்த மலிவுத் தூள் ஜூலையில் சப்பென்று இருந்தால் அது ஏமாற்று வேலை அல்ல, பருவத்தின் இயல்பு. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இண்ட்கோசர்வ் நிறுவனத்தின் ‘ஊட்டி டீ’ ரேஷன் கடைகளிலும் கிடைக்கிறது. ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும் முறை இது. சமையலறைத் தராசில் ஒவ்வொரு தூளிலும் இரண்டிரண்டு கிராம் எடுத்து, தனித்தனிக் கோப்பைகளில் 100 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி, ஆறு நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். பாலும் சர்க்கரையும் குறைகளை மறைத்துவிடும் என்பதால் முதலில் வெறும் சாற்றையே குடித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வீட்டில் வழக்கமாகப் போடுவது போல் பால் சேர்த்துப் பார்க்கலாம். இங்கே மிக முக்கியமானது, குடிப்பவருக்கு எது எந்தத் தூள் என்று தெரியக் கூடாது என்பதே. வீட்டில் ஒருவர் மூன்று கோப்பைகளைத் தயார்செய்யட்டும். இரண்டில் ஒரே தூள், மூன்றாவதில் வேறு தூள். அடிப்பக்கத்தில் ஒட்டிய சிறு காகிதத்தில் குறியிட்டு, வரிசையை மாற்றி வைக்கட்டும். மற்றவர் அவற்றில் மாறுபட்ட கோப்பை எது என்று சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு முறை குருட்டாம்போக்கிலேயே சரியாகிவிடும் என்பதால், சில நாள்கள் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். மாறுபட்ட கோப்பையைத் தொடர்ந்து கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தூளும் ஒன்றே.

சுவையில் வித்தியாசம் தெரிந்தாலும், விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் கோப்பைக்குப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 250 கிராம் மலிவுத் தூள் 70 ரூபாய், மற்றது 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டாருக்குப் பிடித்த திடம் வருவதற்கு மலிவுத் தூளில் கோப்பைக்கு 3 கிராமும் மற்றதில் 2 கிராமும் தேவைப்பட்டால், செலவு முறையே 84 காசு, 88 காசு. நாற்பது ரூபாய் வித்தியாசம் நான்கு காசாகச் சுருங்கிவிடுகிறது. மலிவுத் தூளில் கலப்படம் இருக்குமோ என்று ஐயப்பட்டால், ஈரமான வெள்ளை வடிதாளில் சிறிது தூவிப் பாருங்கள். நல்ல தூள் உடனே அதிகம் கறைபடுத்தாது, சாயமேற்றிய பழைய சக்கையோ நொடியில் கருங்கறை பரப்பும். ஒரு காந்தத்தைத் தூளின் மீது நகர்த்தினால் இரும்புத்துகள் இருப்பதும் தெரியவரும்.

மலையின் உயரமே சில ஒப்பீடுகளைக் குழப்பிவிடும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் எந்தப் பருப்பும் மெதுவாகத்தான் வேகும். ஆகவே துவரம்பருப்பை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவில், ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே குக்கரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே எண்ணிக்கை விசில் வைத்துப் பாருங்கள். வேகாத பருப்பு பெரும்பாலும் பழைய இருப்பாகத்தான் இருக்கும்; அதற்குப் பொட்டலமிட்ட தேதியே நல்ல வழிகாட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் சிப்ஸ் பைகள் பந்துபோல் உப்பி நிற்பதற்குக் காரணம், சமவெளியில் அடைத்த காற்றுக்கு இங்கே வெளியழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருப்பதுதான். அதை வைத்து உள்ளே சரக்கு நிறைய என்று எண்ண வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் நாளுக்கு நாள் உப்பும் தயிர்ப் பையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கெட்டுவிட்டது. தேங்காயெண்ணெய் உறைவதும் தரத்துக்கு அடையாளம் ஆகாது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே எல்லாத் தேங்காயெண்ணெயும் உறையும்; பாமாயிலும் ஓரளவு உறையக்கூடியதே.

கடைப் பொட்டலம் உண்மையிலேயே தோற்றுப்போகிற இடம் ஒன்று உண்டு, அது உறை. பிஸ்கட்டையும் காபித்தூளையும் மசாலாத்தூளையும் கம்பெனிகள் பல அடுக்கு உறையில் அடைக்கின்றன. மலிவுப் பொட்டலம் பல நேரங்களில் ஒற்றை அடுக்கோடு நின்றுவிடும். மூடுபனி வீட்டுக்குள் வந்து படரும் மாதங்களில் இந்த வித்தியாசம் நாவில் தெரியும். உடனே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றும் வழக்கம் இருந்தால் மலிவானதை வாங்குங்கள். இல்லையென்றால் சிறு பொட்டலமாகக் கம்பெனிச் சரக்கை வாங்குவதே சிக்கனம்.

குளியல் சோப்பில் டிஎஃப்எம் என்று அச்சிட்டிருக்கும் கொழுப்புப்பொருள் விழுக்காட்டைப் பாருங்கள். முதல்தர டாய்லெட் சோப்பில் அது குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. ‘பாதிங் பார்’ என்று எழுதியிருந்தால் 40 விழுக்காடு இருந்தாலே போதும். கடைப் பெயரில் வரும் 76 விழுக்காட்டுச் சோப்பு, புகழ்பெற்ற பெயரில் வரும் பாதிங் பாரைவிட மலிவாகக் கிடைக்கும்போது தயங்க வேண்டியதில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் யூகலிப்டஸ் தைலத்தில் விலையும் பெயரும் இரண்டுமே துணைசெய்யாது. ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டு ஆறவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆவியாகிவிடும் கலப்படத்தை இந்தச் சோதனை காட்டாது என்பதால், தயாரித்தவரின் முழு முகவரியும் தொகுதி (பேட்ச்) எண்ணும் இல்லாத குப்பியை வாங்கவே வேண்டாம்.

குளிர் ஊரில் அன்றாடம் தேவைப்படும் வாட்டர் ஹீட்டர் ராடு, கீசர், குக்கர் ஆகியவற்றில் கடைப் பெயரா கம்பெனிப் பெயரா என்பது இரண்டாவது கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் உரிமத்தின்படி இடப்படும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால், அந்த உரிமம் யாருக்குரியது, இப்போது நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். எண் பொருந்தவில்லை என்றால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அந்த ராடைத் தண்ணீருக்குள் வைக்காதீர்கள்.

புதிதாக ஒரு கடைப் பொட்டலத்துக்கு மாறும்போது முதலில் மிகச்சிறிய அளவையே வாங்கி, பொருள் தீரும்வரை உறையையும் பில்லையும் சேர்த்து வைத்திருங்கள். எடை குறைந்தாலோ பொருள் கெட்டிருந்தாலோ, தொகுதி எண், தயாரித்த தேதி, கடைப் பில் மூன்றும் தெரியும்படி படமெடுத்துக்கொண்டு முதலில் கடைக்காரரிடம் காட்டுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.